வெற்றி என்று எப்போது சொல்லலாம்?



‘அறுவைச் சிகிச்சை வெற்றி, நோயாளி நலமுடன் வீடு திரும்பினார்.’ இப்படிப்பட்ட செய்தியை நாளிதழ்களில் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். படித்து மகிழ்ந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். வீடு திரும்பியவர் அடுத்த ஆண்டு எப்படி இருந்தார், ஐந்தாவது ஆண்டில் எப்படி இருந்தார் என்று எந்தச் செய்தியாவது சொல்லக் கண்டதுண்டா?

காலாண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவனை, ‘இவன் ஆண்டு இறுதித் தேர்விலும் தேறிவிட்டான்’ என்று தலைமையாசிரியர் அன்றே அறிவித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? மருத்துவச் செய்தி என்றால் மட்டும் நாம் ஏன் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்?

ஒரு சிகிச்சை வெற்றியா, இல்லையா என்பதைத் தையல் பிரிக்கும் நாளில் தீர்மானிக்கக் கூடாது. ஆண்டுகள் பல கழித்து, எண்ணிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கருத்தை ஒரு நோயை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். பெருங்குடலில் வரும் புற்றுநோய் வளர்ந்து குடலையே அடைத்துவிடும் நிலைதான் அது. குடல், மலம் என்றெல்லாம் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச் சுளிப்பைப் பற்றியும் கடைசியில் பேசவேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

குழாய் அடைத்தால் என்ன ஆகும்?

நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. வயிற்றின் வலப்பக்கம் கீழே தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் கீழிறங்கி மலக்குடலில் முடிகிறது. சிறுகுடலிலிருந்து வரும் கழிவு தொடக்கத்தில் கூழ்போல இருக்கும். வழியெல்லாம் நீர் உறிஞ்சப்படுவதால் இடப்பக்கம் வரும்போது அது கெட்டியாகிவிடுகிறது. குடலின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் குறுகலானதும்கூட. எனவே, ஒரே அளவுள்ள கட்டி வலப்பக்கத்தில் வந்தால் நெடுநாள் வெளியே தெரியாமல் இருக்கலாம். இடப்பக்கத்தில் வந்தால் வழியை அடைத்துவிடலாம்.

அடைத்த பிறகு நடப்பதை உங்கள் பௌதிகப் பாடத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். அடைப்புக்கு மேலே காற்றும் நீரும் சேரச் சேர அழுத்தம் கூடுகிறது. மூடிய இடத்திலுள்ள அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஆனால் குடற்சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவு இழுக்கப்படுவதில்லை. குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி வரும் தொகைக்கு ஏற்றபடி அமையும். இது லாப்லாஸ் கண்ட விதி. அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், ஆரம் அதிகமுள்ள இடத்தில் இழுவிசை அதிகம். பெருங்குடலில் மிக அகன்ற இடம் எது? சிறுகுடல் வந்து சேரும் தொடக்கப் பகுதி. சீக்கம் என்று இதற்குப் பெயர். அடைப்பு இடப்பக்கம் இருந்தாலும், கிழியும் ஆபத்து வலப்பக்கத்தில் இருக்கும் சீக்கத்துக்குத்தான் அதிகம்! எக்ஸ்ரே படத்தில் சீக்கம் 12 செ.மீ. அளவுக்கு வீங்கியிருந்தால் மருத்துவர்கள் பரபரப்பது இதனால்தான். குடல் கிழிந்தால் அதிலுள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வயிற்றுக்குழிக்குள் பாய்ந்துவிடும்.

இந்த நிலையில் மருத்துவருக்கு நாள் குறித்து, நிதானமாக ஆயத்தம் செய்ய நேரமில்லை. நோயாளியோ வாந்தியாலும் நீரிழப்பாலும் தளர்ந்து கிடப்பார். குடலும் வீங்கி நைந்திருக்கும். நைந்த துணியில் போட்ட தையல் பிரிவதுபோல, இத்தகைய குடலை வெட்டி இணைத்த இடம் கசிந்துவிடும் என்ற அச்சம் உண்டு.

பழைய கதை இரண்டு

1776ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரில் பில்லோர் என்ற மருத்துவர், குடல் அடைத்துப்போன ஒரு மது வணிகருக்கு வயிற்றைத் திறந்து, சீக்கத்தில் ஒரு துளையிட்டு, கழிவு அவ்வழியே வெளியேறும்படி செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. துளை நன்றாகவே வேலை செய்தது, வயிறு வடிந்தது. ஆனால் நோயாளி 28ஆம் நாள் இறந்துபோனார். ஏன்? பில்லோர் அத்துடன் விட்டுவிடவில்லை, உடலைப் பரிசோதித்தார். அடைப்பை நீக்கும் என்று நம்பி அவருக்கு முன்னரே குடிக்கக் கொடுத்திருந்த பாதரசம், சிறுகுடலில் தங்கி, அதைக் கெடுத்திருந்தது. அறுவை வெற்றி, ஆள் பிழைக்கவில்லை. பின்னர் நடந்ததைத் தேடிப் பார்த்ததனால்தான் காரணம் தெரிந்தது.

1921இல் அதே நாட்டைச் சேர்ந்த ஆன்ரி ஆர்ட்மான் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை அறிவித்தார். கட்டியுள்ள பகுதியை வெட்டி நீக்குவது. கீழ்முனையைத் தைத்து மூடிவிடுவது. மேல்முனையை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து திறந்து வைப்பது. இந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். அதன்மேல் ஒட்டிய பையில் கழிவு சேரும். கசிவதற்கு இங்கே இணைப்பே கிடையாது! நூறாண்டு கடந்தும், அவசர நேரத்தில் உயிர்காக்கும் முறையாக இது இன்றும் பயன்படுகிறது.

உடல் தேறிய பின்பு இரண்டாம் அறுவை செய்து குடலை மீண்டும் இணைத்து, பையை எடுத்துவிடலாம். ஆனால் முதுமை, பிற நோய்கள், புற்றுநோய் திரும்புதல் முதலிய காரணங்களால் கணிசமானோருக்கு இந்த இரண்டாம் அறுவை நடப்பதே இல்லை. ‘தற்காலிகம்’ என்று சொல்லி வைத்த பை வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. வீடு திரும்பிய நாளில் எழுதிய செய்தியில் இது வராது.

எண்கள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புற்றுநோயால் பெருங்குடல் அடைத்துப்போன 1046 பேரின் விவரங்களைத் திரட்டி 2004இல் வெளியிட்டார்கள். அவர்களுள் 15.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்துவிட்டனர். அதாவது 100 பேரில் ஏறத்தாழ 16 பேர்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். 100 பேரில் 16 பேர் முதலிலேயே இறந்தார்கள்; மீதி 84 பேர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 42 பேர் உயிரோடு இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ‘வீடு திரும்பியவர்களில் பாதிப்பேர் ஐந்து ஆண்டு வாழ்ந்தனர்’ என்று ஒருவர் எழுதலாம். ‘100க்கு 42 பேர்தான் வாழ்ந்தனர்’ என்று மற்றொருவர் எழுதலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. மேலே உள்ள எண் ஒன்றே. கீழே உள்ள எண்தான் வேறு. பின்னத்தைப் பார்த்தால் பகுதி என்ன என்று கேளுங்கள் என்று உங்கள் கணித ஆசிரியர் வற்புறுத்துவதன் பொருள் இப்போது விளங்குகிறதா?

அதே 2004இல் மக்கார்டில், ஹோல் என்ற இருவர் ஸ்காட்லாந்தில் 1991 முதல் 1994 வரை அறுவை செய்துகொண்ட 3200 பேரைப் பற்றி எழுதினார்கள். குடலடைப்பு போன்ற அவசர நிலையில் வந்தவர்களையும், முன்னரே நோய் கண்டு நாள் குறித்து வந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கட்டி முழுவதையும் நீக்க முடிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அறுவையை ஒட்டி இறந்தவர்கள் நாள் குறித்து வந்தவர்களில் 2.8 சதவீதம், அவசரமாக வந்தவர்களில் 8.2 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் வகையில் 57.5 சதவீதம், இரண்டாம் வகையில் 39.1 சதவீதம்.

இவற்றைக் கழித்துப் பாருங்கள். அறுவையை ஒட்டிய வேறுபாடு 5.4. ஐந்து ஆண்டு கழித்து வேறுபாடு 18.4. முதல் மாதத்தோடு நாம் எண்ணுவதை நிறுத்தியிருந்தால், வேறுபாட்டின் பெரும் பகுதி நம் கண்ணிலேயே பட்டிராது!

மீதி வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஒன்றல்ல, பல. அடைக்கும் அளவுக்கு வளர்ந்த கட்டி பெரும்பாலும் குடற்சுவரைத் துளைத்து வெளியே பரவத் தொடங்கியிருக்கும். இவ்வாறு வருபவர்களில் முதியவர்கள் அதிகம். அறுவையிலிருந்து தேறுவதற்கு நாளாவதால், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையைக் காலத்தோடு தொடங்க முடியாமற் போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முன்பு குடல்நோக்கி என்ற கருவியைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிடுவார்கள். அடைப்பு இருந்தால் கருவி அதைத் தாண்டிப் போகாது. அப்பால் இரண்டாவது கட்டி இருந்தாலும் தெரியாது. எனவே அறுவைக்குப் பின் சில மாதங்களில் மீதிக் குடலையும் பார்த்தாகவேண்டும். வீட்டுக்குப் போனவர் திரும்பி வராவிட்டால் அது எப்படி நடக்கும்?

அவசரப்பட்ட பாராட்டு

1990க்குப் பின் ஒரு புதிய வழி வந்தது. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகத்தால் பின்னிய, சுருங்கிய சிறு வலைக்குழாயைக் குடல்நோக்கியின் உதவியால் அடைப்புக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே போனதும் அது தானே விரிந்து வழி திறக்கிறது. இதனை ஸ்டென்ட் என்பர். வீங்கிய வயிறு வடிந்துவிடும். நோயாளி தேறிய பின் நிதானமாக அறுவை செய்யலாம். அவசரத்தையே இல்லாமல் செய்துவிட்ட உபாயம்! யார்தான் பாராட்ட மாட்டார்கள்?

ஆனால் அறிவியல் பாராட்டுவதோடு நிற்பதில்லை. நெதர்லாந்தில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்டென்ட்டும், மறு பிரிவினருக்கு உடனடி அறுவையும் செய்து பார்த்தார்கள். 98 பேர் சேர்ந்திருந்தபோது, ஸ்டென்ட் பிரிவில் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்ததால் ஆய்வை நிறுத்திவிட்டனர். முடிவுகள் 2011இல் வெளியாயின. வலைக்குழாய் சில வேளை குடலைத் துளைத்துவிடுகிறது. துளைத்தால் புற்றணுக்கள் சிதறிப் பின்னால் நோய் திரும்பக்கூடும் என்ற கவலை எழுந்தது. 2014இல் ஐரோப்பிய அகநோக்கி மருத்துவர் சங்கம், அறுவைக்கு முன்னேற்பாடாக இதை வழக்கமாகச் செய்யவேண்டாம் என்றது.

கதை அங்கும் முடியவில்லை. பிரிட்டனில் 245 பேரைக்கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, அவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2022இல் வெளியான அதன் முடிவு வேறு விதமாக இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் ஸ்டோமாப் பை தேவைப்பட்டவர்கள் குறைவு. மூன்று ஆண்டு உயிர்வாழ்வில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. அதற்கு முன்பே, 2020இல், ஐரோப்பியச் சங்கமும் தன் அறிவுரையைத் தளர்த்தி, நோயாளியுடன் கலந்து பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றிக்கொண்டது.

பாருங்கள்: முதலில் பாராட்டு, பிறகு எச்சரிக்கை, பிறகு நிதானமான ஒப்புதல். ‘மருத்துவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று சிலர் கேலி செய்யலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்வது தவறல்ல. எண்ணாமலேயே உறுதியாகச் சொல்வதுதான் தவறு.

உயிரோடு இருந்தால் போதுமா?

‘சாகக் கிடந்தவர் பிழைத்தாரே, அது போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நள்ளிரவில் கத்தி பிடிக்கும் மருத்துவரிடம் போய் ஐந்தாண்டுக் கணக்குக் கேட்பது முறையல்ல; முதலில் உயிர், பிறகுதான் மற்றவை. ஆனால் எந்த அறுவையைச் செய்வது என்று அவர் முடிவெடுப்பது, முன்பு அறுவை செய்துகொண்டவர்கள் பின்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்ற அறிவைக் கொண்டுதானே? அந்த அறிவு நள்ளிரவில் பிறக்காது. யாரோ பல ஆண்டுகள் பொறுமையாக எழுதி வைத்த பதிவேடுகளிலிருந்து பிறக்கிறது.

ஒரு சான்று பாருங்கள். இடப்பக்க அடைப்புக்கு ஸ்டோமா இல்லாமல் ஒரே அறுவையில் முடிக்க இரண்டு வழிகள் உண்டு. பெருங்குடலின் பெரும்பகுதியை நீக்கிவிடுவது ஒன்று; கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கி, மீதியைக் கழுவிச் சுத்தம் செய்து இணைப்பது மற்றொன்று. 1995இல் வெளியான ஸ்காட்டியா என்ற ஆய்வு 91 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. நோயாளிகளிடம் சில மாதங்கள் கழித்து, ‘ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். பெரும்பகுதி நீக்கப்பட்டவர்களுள் அதிகம் பேர் நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ போகவேண்டியிருந்தது தெரியவந்தது. அற்பமான கேள்வியாகத் தோன்றுகிறதா? வயலுக்கோ அலுவலகத்துக்கோ போகவேண்டியவருக்கும், பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்யவேண்டியவருக்கும் அது அற்பமான கேள்வி அல்ல.

பை வைத்தவர்கள் நிலையும் அப்படித்தான். அவர்கள் வேலைக்குப் போகலாம், விழாவுக்குப் போகலாம், நீந்தலாம். ஆனால் பையை மாற்றவும் தோலைப் பேணவும் ஒருவர் அவர்களுக்குக் கற்றுத்தரவேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தாமே ஸ்டோமாவுடன் வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்மணியை 1958இல் இப்பணிக்கு அமர்த்தினார். நோயாளியின் வாழ்வை அறிந்தவரே நோயாளிக்கு ஆசிரியர் ஆனார். எவ்வளவு பொருத்தம்!

எண்ணுவது யார் வேலை?

எண்ணுவதற்கும் ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் ஊருக்குத் திரும்பியவரைத் தேடிக்கொண்டு யார் போவது? இந்தத் தடை உண்மையானதுதான். ஆயினும் செய்ய முடியாதது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் கீழ், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் சென்னை நகரின் புற்றுநோயாளிகளைப் பதிவு செய்துவருகிறது. ஒரு புதிய எந்திரம் வாங்கினால் திறப்பு விழா நடக்கும், புகைப்படம் வரும். ஒரு பதிவேட்டுக்கு யார் மாலை போடுகிறார்கள்? எந்திரத்துக்குக் கொடுக்கும் மதிப்பைப் பதிவேட்டுக்கும், அதை எழுதும் கைக்கும் கொடுக்கவேண்டும் என்பேன்.

பொறுமையின் பலனுக்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்தவர்களுக்கு முறையான உடற்பயிற்சி உதவுமா என்று கண்டறிய 2009இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 889 பேர் கலந்துகொண்டனர். முடிவு வெளியானது 2025இல்தான். எட்டு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள், பயிற்சிப் பிரிவில் 90.3 சதவீதம், மறு பிரிவில் 83.2 சதவீதம். ஆய்வு தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை முடிவு வருவதற்குள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டது! நடைப்பயிற்சி போன்ற எளிய செயலுக்கு மருந்துக்குரிய மதிப்பைத் தேடித் தந்தது அந்தக் காத்திருப்புதான்.

நீங்கள் செய்யக்கூடியது

இனி ‘வெற்றி’ என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர்? எவ்வளவு காலம் கழித்து? எப்படி வாழ்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியை நல்ல தொடக்கம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த முகச் சுளிப்புக்கு வருவோம். ஸ்காட்லாந்துக் கணக்கை மறுபடி பாருங்கள். நாள் குறித்து வந்தவர்கள் அவசரமாக வந்தவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தார்கள். அப்படியானால், நோய் அடைப்பாக முற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் போவது நல்லது என்றாகிறது. போகவிடாமல் தடுப்பவற்றுள் ஒன்று கூச்சம். மலத்தில் ரத்தம் கண்டால் ‘மூலமாக இருக்கும்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் பேசாமல் மாதக்கணக்கில் மறைக்கும் பெரியவர்கள் உண்டு. காய்ச்சல் வந்தால் தயங்காமல் சொல்கிறோம். மலம் என்றால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது.

மலச்சிக்கல் வந்தாலே புற்றுநோய் என்று நீங்கள் பயந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது வேறு எளிய காரணங்களால் வருவது. ஆனால் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு மலங்கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ, ரத்தசோகை வந்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால், அது வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போகும் நேரம். ரூவான் நகர வணிகர் குடித்த பாதரசத்தை நினைவில் வையுங்கள்.

அறுவை முடிந்து வந்தவர் வீட்டில் இருந்தால், மறுபரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பவராக நீங்கள் இருங்கள். ‘தாத்தா, அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்’ என்று நினைவூட்டுங்கள். நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. எனவே ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அவர் போய்வரும் ஒவ்வொரு முறையும் அவருக்கும் நல்லது. பதிவேட்டில் ஒரு வரி கூடுவதால், அடுத்து வரும் நோயாளிக்கும் நல்லது. அந்த வரிகள் போதுமான அளவு சேர்ந்த பிறகு ‘வெற்றி’ என்று எழுதட்டும். நாமும் சேர்ந்து மகிழ்வோம்.